கடைசி எழுத்து தரையில்

எழுத்துப் பட்டறையின் இரும்புக் கதவைத் தோளால் முட்டித் தள்ளும்போதே பச்சையம்மாவின் காதில் மகன் பேச ஆரம்பித்துவிடுவான்.

"ம்மா, சாப்ட்டியா?"

"கஞ்சி குட்ச்சிட்டுத்தான்டா வந்தேன்."

"எப்பப் பாரு கஞ்சி. வூட்டுல மீனே இல்லாத மாரி." சொல்லிவிட்டு மூக்கால் ஒரு சிரிப்பு சிரிப்பான். "இன்னிக்கு எந்தப் பக்கம் வேல?"

"சுங்கச்சாவடி முனை."

"பாத்து ஏறு. போர்டு கீர்டு எதுனா இருந்தா எங்கிட்ட காட்டு. நான் படிச்சுச் சொல்றேன்."

"சரிடா கண்ணு."

காதில் மாட்டியிருந்த செவிமணியை ஒரு தட்டுத் தட்டி அணைத்து, கழுத்தில் தொங்கும் அதன் சின்னக் கேமராவை ஓரமாகத் தள்ளிவிட்டு அவள் வேலைக்கு இறங்குவாள். கடல் உள்ளே ஏறி வந்து பழைய நெடுஞ்சாலையை விழுங்கிய பிறகு வடசென்னையில் மிச்சமிருந்தது உயரமான கடற்சுவரும், அதன் முதுகில் ஒட்டிக்கொண்ட தெருக்களும்தான். பட்டறை அந்தச் சுவரின் அடியில் இருந்தது. உள்ளே வரிசை வரிசையாகச் சாய்த்து வைத்த எழுத்துகள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் இடுப்பு உயரம். பழைய அனல்மின் நிலையச் சாம்பலையும் கடற்சேற்றையும் குழைத்து வார்த்தவை. காய்ந்தால் கருங்கல் தோற்றுவிடும்.

அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் திண்ணெழுத்து. பட்டறையில் காலெழுத்து என்பார்கள், ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் அதற்கு ஒரு பாதம் உண்டு என்பதால். தண்டு பனைமரம் மாதிரி தடியாக இறங்கி வரும். வளைவில் திரும்பும்போது திடீரென்று மெலிந்து விரல் கனத்துக்கு ஆகும். மறுபடி தடித்து, கடைசியில் இரண்டு பக்கமும் கூராக நீண்ட பாதத்தில் உட்காரும். புள்ளி என்றால் தேங்காய் அளவு. தூரத்திலிருந்து பார்த்தால் எழுதினது போலவே இருக்காது, ஆட்கள் காலூன்றி நிற்பது போல இருக்கும். சின்னதாக எழுதினால் இந்த எழுத்து செத்துப்போகும். மெலிந்த கோடுகள் மறைந்து வெறும் கறுப்புக் கட்டைகள்தான் தெரியும். அதனால்தான் இடுப்பு உயரத்துக்குக் குறைந்து வார்க்கக் கூடாது என்று சட்டமே இருந்தது.

"இது கல்யாண வூட்டு எழுத்து யக்கா," என்பான் துளசிங்கம். அவன்தான் மேஸ்திரி. வழுக்கைத் தலையில் எப்போதும் ஈரத்துண்டு. "எங்க தாத்தன் காலத்துல சினிமா போஸ்டருக்கும் எலக்சன் சுவருக்கும் போட்டது. பாத்தா வாண்டு பசங்க விசிலடிப்பானுங்களாம். அத்தப் புடிச்சு எழவு வூட்டு வேலைக்குச் சேத்துட்டானுங்க."

அவன் சொல்வதில் பொய் இல்லை. இப்போது அந்த எழுத்துக்கு மூன்றே வேலை. கடல் ஏறப்போகிறது என்று சொல்வது, தீர்ப்பு சொல்வது, செத்தவர் பெயர் சொல்வது. போன வருஷம் முனைக்கடை தேவராசன் புத்தி கெட்டுப்போய், கழித்துப்போட்ட எழுத்து ஒன்றை வாங்கிக் கடை நெற்றியில் 'டீ' என்று மாட்டினான். அரை மணியில் தெருவே கூடி நின்று செருப்பைக் கழற்றிவிட்டு யார் போனது என்று விசாரித்தது. அன்றைக்கு ஒரு டீ விற்கவில்லை.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் பொய்க்காலத்துக்குப் பிறகு வந்தவை. அப்போது எல்லார் கண்ணிலும் லென்ஸ் மாதிரி ஒட்டிய ஒரு படலம், படலத்தில் எழுத்து. யாருக்கு எது பிடிக்குமோ அதைக் காட்டும். பெருவெள்ளத்தன்று ஒரே தெருவில் ஒருத்தன் கண்ணில் 'கிளம்பு' என்றும் அடுத்த வீட்டுக்காரன் கண்ணில் 'பயமில்லை, இரு' என்றும் வந்தது. இருந்தவர்கள் மிதந்தார்கள். அதற்கப்புறம்தான் சட்டம் போட்டார்கள்: இயந்திரம் பார்க்கிற எழுத்தை இயந்திரம் மாற்றும். அதனால் ஒரு வகை எழுத்தையாவது இயந்திரம் பார்க்கக் கூடாது. கண்படலமும் கேமராவும் திண்ணெழுத்தைக் கண்டால் குருடாகிவிடும்படி கட்டினார்கள். அங்கே வெற்றுச் சுவர்தான் அவற்றுக்குத் தெரியும். மனிதக் கைதான் தூக்க வேண்டும், மனித வாய்தான் படிக்க வேண்டும். அப்படி ஏற்றிப் படித்ததுதான் உண்மை. மற்றதெல்லாம் பேச்சு.

பச்சையம்மா இந்த வேலைக்கு வந்தபோது எழுத்து தெரியாதவள். தெரிய வேண்டியதும் இல்லை. சீட்டில் இருக்கிற குறியைப் பார்த்து, அதே குறி போட்ட கல்லைத் தூக்கினால் போதும். ஆனால் தோளுக்கு ஒரு புத்தி உண்டு. எது முன்னால் கனக்கும், எது பக்கவாட்டில் சாய்க்கும் என்று தோள் முதலில் கற்றுக்கொண்டது. 'ண' வயிறு பெருத்தது. 'ட' மூலையில் இடிக்கும். 'ங' தலை குனிந்து உட்கார்ந்தவளைப் போல அடக்கமாக வரும். தூக்கின கல் சுவரில் ஏறியதும் சுற்றி நிற்பவர்கள் சத்தமாகப் படிப்பார்கள். தோளுக்குத் தெரிந்ததும் காதுக்குக் கேட்டதும் எப்போதோ ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. ஒரு நாள் அவள் வாய்க்குள் ஒரு முழுப்பெயர் தானாகவே உருண்டது. பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள். வெளியில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த எழுத்தில் மட்டும்தான் அவளுக்குப் படிக்க வரும். பஸ்ஸில், கடையில், மருந்துச் சீசாவில் இருக்கிற மெலிந்த நோஞ்சான் எழுத்துகள் அவளுக்கு இன்னமும் எறும்புதான். உலகத்தில் அவளுக்குப் படிக்கத் தெரிந்தது செத்தவர்களின் பெயர் மட்டும்.

இன்னொரு பழக்கமும் அவளிடம் இருந்தது. துளசிங்கம் கவனித்திருந்தான், கேட்டதில்லை. 'தே', 'சி', 'ங்', 'கு' என்ற நான்கு கற்களை அவள் ஒரே வரிசையில் நிற்க விடமாட்டாள். யாராவது தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்தால், கூட்டுகிற சாக்கில் போய் ஒன்றைத் தூக்கி அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்விடுவாள்.

அன்றைக்குச் சுங்கச்சாவடி முனையில் ஏற்ற வேண்டிய பெயர் ஏழுமலை. கிரேன் ஓட்டினவர், மாரடைப்பு. செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டார் தள்ளிப்போட்டிருந்தார்கள். எல்லா வீட்டிலும் தள்ளித்தான் போடுவார்கள். பெயர் ஏறும்வரை செத்தவர் கணக்கில் உயிரோடு இருப்பவர். அதுவரை அவருடைய நிழற்குரல் செவிமணியில் பேசிக்கொண்டே இருக்கும். ஆள் வாழ்நாளெல்லாம் பேசினதை எடுத்துக் குழைத்துச் செய்த குரல். கேட்டால் பதில் சொல்லும், கோபித்துக்கொள்ளும், சாப்பிட்டாயா என்று கேட்கும். உடம்பைப் புதைத்த பிறகும் குரலை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தும் வீடுகள் அந்தத் தெருக்களில் நிறைய. சுவரடியில் வீட்டு ரத்தம் ஒன்று நின்று பெயரைத் தன் வாயால் படிக்கும்போது செவிமணி அதைக் கேட்கும். கேட்டதும் குரல் அடங்கும். பொழுது சாய்ந்ததும் கற்களை இறக்கி அடுத்த பெயருக்குக் கொண்டுபோவார்கள்.

அதற்காகப் பட்டறைக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சட்டத்தில் இல்லாதது. மற்ற எழுத்துகளையெல்லாம் ஏற்றிவிட்டுக் கடைசி எழுத்தை மட்டும் ஒரு மணல் மூட்டையின் மேல் தரையில் வைத்துவிடுவார்கள். வீட்டார் செவிமணியில் கடைசியாகப் பேசிக்கொள்வார்கள். ஏற்ற வந்த ஆட்கள் நால்வரும் முதுகைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பார்கள். எவ்வளவு நேரமானாலும் அவசரப்படுத்தக் கூடாது. வீட்டார் 'ஏத்து' என்று சொன்ன பிறகுதான் கல்லில் கை வைக்க வேண்டும்.

ஏழுமலையின் மகள் 'ஏத்து' என்று சொல்ல வெயில் நெற்றிக்கு வந்துவிட்டது. 'லை' ஏறியது. அவள் படிக்கத் தொடங்கினாள். "ஏ..." என்றவள் அதற்குமேல் போக முடியாமல் நின்றாள். கண் நிறைந்து எழுத்தெல்லாம் கரைந்து ஓடியது அவளுக்கு.

"எனக்குத் தெரியலையே... அடுத்தது இன்னா, தெரியலையே..."

"'ழு'ம்மா," என்றாள் பச்சையம்மா. "அப்புறம் 'ம'. மெதுவா. நான் கூட நிக்கிறேன், சொல்லு."

அந்தப் பெண் படித்து முடித்தாள். காதைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூடி நின்றவர்கள் ஆளுக்கொரு தரம் பெயரைச் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். பச்சையம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, சாப்பாட்டுத் தூக்கோடு அமுதவல்லி நின்றிருந்தாள். அவளுடைய மருமகள்.

இரண்டு பேரும் கடற்சுவரின் நிழலில் உட்கார்ந்தார்கள். தூக்கு திறக்கப்படவில்லை.

"அத்த, உனக்குப் படிக்கத் தெரியும்."

"யாருக்கு? எனக்கா? நல்லாச் சொன்ன போ. சீட்டுல இருந்துச்சு, சொன்னேன்."

"சீட்டு துளசி அண்ணன் கையில இருந்துச்சு."

பச்சையம்மா தூக்கின் மூடியைத் திருகினாள், மறுபடி மூடினாள்.

"எத்தினி நாளா அத்த?"

"தெரில. தூக்கித் தூக்கி ஒட்டிக்கிச்சு."

அமுதவல்லி தூக்கை நகர்த்திவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியது இரண்டு பேருக்கும் தெரியும். பச்சையம்மாவின் மகன் தேசிங்கு படகோடு போய் மூன்று வருஷம். பலகை கிடைத்தது, வலை கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காத சாவுக்குப் பெற்றவள்தான் பெயரைப் படிக்க வேண்டும் என்பது சட்டம். பெற்றவள் எழுத்தறியாதவள் என்றால் அவள் கற்றுக்கொள்ளும்வரை விலக்கு. அந்த விலக்கின் நிழலில்தான் மூன்று வருஷமாக அவன் தினமும் காலையில் 'சாப்ட்டியா' என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான் உன்ன கேட்டதே இல்ல அத்த. கேட்டனா சொல்லு. நான் முதல் வருசமே மணியக் கயட்டிட்டேன். அது ஒரே மாதிரி சிரிக்குது, என்னால முடியல. ஆனா நீ பேசுற, உனக்கு அது வேணும்னு சும்மா இருந்தேன். இப்ப அப்டி இருக்க முடியாது."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"மீன் கொழம்பு கொதிக்கச் சொல்லோ வெளிய ஓடுனியே, அன்னிக்கே தெரியும். வெல்டிங் பட்டறைப் பையன்தான? பார்த்திபன். வந்தா செருப்ப வெளிய நேரா உடுவான். நல்ல புள்ள." பச்சையம்மா கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் உன்னத் திட்டுனனா? எங்கனா போயி நல்லாயிருங்க. யாரு வேணான்னா?"

"போனா ஆச்சா? கணக்குல நான் உசுரோட கீறவன் பொண்டாட்டி. புள்ள பொறந்த அன்னிக்கே காதுல மணி மாட்டுவானுங்க. அப்பன் குரல்னு அதுல யார உடுவானுங்க, சொல்லு." அமுதவல்லியின் குரல் உடைந்தது. "உம் புள்ளயத்தான். அவன்தான் தாலாட்டுவான். அவன்தான் கத சொல்லுவான். பெத்தவன் எதிர்ல நிப்பான், எம் புள்ள அவனப் பாத்து மாமான்னு கூப்புடும். செத்தவன் வளக்கணுமா அத்த, நான் பெக்குறத?"

"அப்போ அவனக் கொல்லுன்ற."

"கடல் கொன்னுது அத்த. உன்ன நான் படிக்கத்தான் சொல்றேன்."

பச்சையம்மா எழுந்து போய்விட்டாள். தூக்கு அங்கேயே இருந்தது.

சாயங்காலம் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து செவிமணியைத் தட்டினாள்.

"ம்மா, சாப்ட்டியா?"

"டேய், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்குப் படிக்கத் தெரியும்டா."

மூக்கால் சிரித்தான். "ஏம்மா வெளாடுற. நீயாவது, படிக்கிறதாவது. நான் எதுக்குக் கீறேன்?"

இதை அவள் முதல்முறை சொல்லவில்லை. படிக்க வந்த அன்றைக்கே முதலில் சொன்னது அவனிடம்தான். அன்றும் இதே சிரிப்பு, இதே பேச்சு. மறுநாள், போன மாதம், தீபாவளிக்கு, எப்போது சொன்னாலும் முதல்தடவை கேட்பது போலவே கேட்டான். அவனுக்குத் தெரிந்த அம்மா பஸ் வந்தால் போர்டை அவனிடம் காட்டிக் கேட்கிற அம்மா. அவள் அங்கேயே நின்றிருந்தால்தான் அவனால் பேச முடியும். இவள்தான் நகர்ந்து வந்துவிட்டாள்.

"அமுதாவுக்குக் கொழந்த பொறக்கப்போவுது கண்ணு."

 "நெசமாவா? ம்மா! நெசமாவா சொல்ற? அவள வெயிட்டு தூக்க உடாத. ஆம்பளப் புள்ளயா இருந்தா நைனா பேரு வெக்கலாம். பொண்ணா இருந்தா நீ வெய்யி. நான் இதோ வந்துர்றேன்மா, கரைக்கு வந்துட்டே கீறேன்."

பச்சையம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷம் அச்சு அசல் அவனுடையதுதான். அவன் இருந்திருந்தால் இப்படித்தான் குதித்திருப்பான். அதுதான் தாங்கவில்லை. இந்தக் குரல் நாளைக்கு ஒரு சிசுவின் காதில், 'இதோ வந்துர்றேன், கரைக்கு வந்துட்டே கீறேன்' என்று சொல்லும். அது வளர்ந்து கடற்சுவரில் ஏறி உட்கார்ந்து, வராத படகுக்காகக் காத்திருக்கும். தான் காத்திருந்தது போதாதா?

மறுநாள் பட்டறையில் யாரிடமும் பேசாமல் அந்தக் கோடியிலிருந்து 'தே'யைத் தள்ளிக்கொண்டு வந்து வண்டியடியில் நிறுத்தினாள். பிறகு 'சி'. பிறகு 'ங்'. துளசிங்கம் பீடியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"யக்கா, நீ தொடாத. நாங்க பாத்துக்கறோம். நீ வூட்டாளு, நீ சும்மா நில்லு."

"எத்தினி பேர ஏத்தியிருக்கேன் துளசி. எம் புள்ளய நான் தூக்காம வேற எவன் தூக்குவான்?"

"அதுக்கில்ல யக்கா..." அவன் ஈரத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். அப்புறம் 'கு'வின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். அவள் இன்னொரு பக்கத்தைப் பிடித்தாள்.

பச்சையம்மாவின் தெரு முனையில், சங்கிலிக் கப்பியில் முதல் மூன்று கல்லும் ஏறின. காலை வெயிலில் பாதங்கள் சுவரில் கூராக ஊன்றி நின்றன. கீழே மணல் மூட்டையின் மேல் 'கு' இருந்தது. துளசிங்கமும் மற்ற இருவரும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அமுதவல்லி கொஞ்சம் தள்ளி, பார்த்திபன் அவளுக்கும் பின்னால். தெருவில் போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

பச்சையம்மா செவிமணியைத் தட்டினாள்.

"ம்மா, சாப்ட்டியா?"

"ஆச்சு. நீ?"

"ம். இன்னிக்கு எந்தப் பக்கம் வேல?"

"நம்ம தெரு முனையிலதான்டா."

"அப்போ வெயில் இருக்காது, நெழல்தான். போர்டு கீர்டு இருந்தா..."

"கீது," என்றாள். திரும்பி, "ஏத்து துளசி," என்றாள். தானும் போய்ப் பிடித்தாள். கடைசி எழுத்து ஆடி ஆடி மேலே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. அவள் சில அடி பின்னால் நகர்ந்து நின்று, கழுத்தில் தொங்கிய சின்னக் கேமராவைத் தூக்கிச் சுவருக்கு நேராகக் காட்டினாள். அவன் இருந்த காலத்திலிருந்தே பஸ் போர்டையும் ரேஷன் கடைப் பலகையையும் அப்படித்தான் காட்டுவாள்.

"இது இன்னான்னு படிச்சுச் சொல்லு கண்ணு."

"எங்கம்மா? ஒண்ணும் இல்லயே. வெத்துச் சுவராக் கீது."

"நல்லாப் பாரு."

"பாத்தேன்மா. வெறுஞ்சுவரு. உனக்கு எதுனா தெரியுதா?"

"தெரியுது."

"இன்னா தெரியுது?"

"பெருசு பெருசா, கால் ஊணி நிக்கிது. அவ்ளோ அழகாக் கீதுடா." அவள் கேமராவைத் தாழ்த்தினாள். "நீ எனக்கு எவ்ளோ படிச்சிருக்க. இன்னிக்கு நான் படிக்கிறேன், நீ கேளு."

மூக்கால் சிரித்தான். "சரி, படி. கேக்குறேன்."

"தே."

"ம்."

"சி."

"ம். ஏய், பரவால்லயே."

"ங்."

"ம்மா, நெசமாவே படிக்கிறியாம்மா? எப்பம்மா..."

இப்படி அவன் ஒருநாளும் கேட்டதில்லை.  காதில் அவன் காத்திருந்தான். கடல் சுவரில் மோதிப் பின்வாங்கியது. கொஞ்ச தூரத்தில் அமுதவல்லி வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பார்க்க மாட்டாமல் கண்ணை மூடியிருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"தோள்ல ஒட்டிக்கிச்சுடா," என்றாள் அவள். பிறகு, "கு. தேசிங்கு," என்றாள்.

செவிமணியில் ஒரு சின்ன 'டிக்' கேட்டது. அவ்வளவுதான்.

"தேசிங்கு," என்றான் துளசிங்கம் கடலைப் பார்த்தபடியே. "தேசிங்கு," என்றாள் அமுதவல்லி. பார்த்திபன் சொன்னான். டீக்கடைக்காரன் சொன்னான். பெயர் தெரியாதவர்கள், அவனைப் பார்த்தேயிராதவர்கள், வேலைக்குப் போகிற வழியில் ஒரு நிமிஷம் நின்று அண்ணாந்து பார்த்து ஒருதரம் சொல்லிவிட்டுப் போனார்கள். பொழுது சாயும்வரை தெரு அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. பச்சையம்மா சுவரடியிலேயே உட்கார்ந்து ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் பட்டறைக் கதவைத் தோளால் முட்டித் தள்ளும்போது, "கஞ்சி குட்ச்சிட்டுத்தான்டா வந்தேன்," என்று வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் யாரும் கேட்கவில்லை என்று உறைத்தது. கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

இறக்கிக் கொண்டுவந்த நான்கு கல்லையும் யாரோ ஒரே வரிசையில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவள் துடைப்பத்தை எடுத்தாள். நான்கையும் சுற்றிக் கூட்டினாள். எதையும் நகர்த்தவில்லை.

"யக்கா," என்று தயங்கிக்கொண்டே வந்தான் துளசிங்கம். "மணலி முனையில ஒரு பேரு. 'கு' ஒண்ணு வேணும். வேற 'கு' விரிசல் உட்டுக் கெடக்குது... இத எடுக்கட்டா? இல்ல, நாளைக்கு வெச்சுக்கலாம்னு சொல்லிரட்டா?"

பச்சையம்மா குனிந்து, கல்லின் பாதத்தில் ஒட்டியிருந்த மணலை முந்தானையால் துடைத்தாள்.

"அவங்களும் காத்துனு இருப்பாங்க இல்ல," என்றாள். "அந்தப் பக்கம் புடி. பாத்து, இது முன்னால கனக்கும்."